கறுப்பு பானெட்டில் மூன்று பட்டை

இலக்கியா கழுவிய வண்டியில் கோடே விழுந்ததில்லை என்று சொன்னால் அது பொய். அவள் தொட்ட முதல் கறுப்பு வண்டியிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு ஆறு வருசம் ஒன்றுகூட விழவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவளைப் பற்றிச் சொன்னதாகும்.

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை என்ற ஊரில், காபி எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். அக்கா சுதாராணி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவுடன் தோட்ட வேலைக்குப் போனாள். இலக்கியா பன்னிரண்டாவது வரைக்கும் படித்து முடித்தாள். முடித்ததும், ஏரிக்கு மேலே ஏறுகிற ரோட்டில் ஹரிஹரன் என்கிற சேலத்துக்காரர் நடத்தும் கெஸ்ட் ஹவுசில் ரூம் பெருக்கும் வேலை கிடைத்தது. அங்கே விருந்தாளிகளின் வண்டி கழுவ ஓர் ஆள் இருந்தான். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மேனேஜர் முருகேசன் வாளியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

“தரை தொடைக்கற கைதான, இதையுந் தொட” என்றார். அவள் வண்டி கழுவ வந்த கதை அவ்வளவுதான்.

வெள்ளை வண்டியும் சில்வர் வண்டியும் எப்படித் துடைத்தாலும் காட்டிக்கொடுக்காது. கறுப்பு அப்படியில்லை. மூன்றாவது வாரம் பெங்களூரிலிருந்து ஒரு கறுப்பு வண்டி வந்தது. ரூமில் கழித்துப்போட்ட துண்டால், தோசைக்கல் தேய்ப்பதுபோல வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். பனிமூட்டத்தில் வண்டி கண்ணாடி மாதிரி நின்றது. வண்டிக்காரரே பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கிளம்பினார். மலை இறங்கி வெயிலுக்கு வந்தவர் போன் செய்தார். பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியிருக்கிறது, எந்த மாடு துடைத்தது என்று கேட்டார். முருகேசன் போனை ஸ்பீக்கரில் போட்டு, சமையல்கட்டில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். அன்றிலிருந்து ஒரு வருசத்துக்கு அங்கே அவள் பெயர் ‘சிலந்தி’. “சிலந்தி, நாலாம் நம்பர் ரூமுக்கு சோப்பு எடுத்துட்டுப் போ” என்பார்கள். அவளும் எடுத்துக்கொண்டு போவாள்.

திட்டு வாங்கியது அவளுக்கு உறைக்கவில்லை. தன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகத் திட்டு வாங்கியதுதான் உறைத்தது. வார லீவு நாளில் பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் உச்சி வெயிலில் நின்றாள். கறுப்பு வண்டியாகப் பார்த்துப் பார்த்துக் குனிந்தாள். டிரைவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஒருவன் மட்டும் கொஞ்சம் நாகரிகமாக, “மூஞ்சி பாக்கணும்னா சைடு கண்ணாடில பாரு புள்ள” என்றான்.

அவள் பார்த்தது வேறு. பெயிண்டில் தெரிந்த சூரியனைச் சுற்றி, மயிர் கனத்தில், வட்டத்துக்குள் வட்டமாக ஆயிரம் கோடுகள். வண்டிக்கு வண்டி இருந்தன. ஏற்காட்டில் பாதி நாள் பனி; யார் கண்ணுக்கும் தெரியாது. வெயிலுக்கு இறங்கினால்தான் சந்தி சிரிக்கும்.

அதன்பிறகு அவள் செய்ததையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோடு போடுவது துணி அல்ல, துணியில் ஒட்டிய மண் என்பது முதலில் பிடிபட்டது. மலைச் செம்மண்ணும் காபிக் களத்துத் தூசியும் பனியோடு சேர்ந்து வண்டி மேல் படியும். காலையில் டிரைவர்கள் ஈரத்தைத் துடைப்பதாக நினைத்துக் காய்ந்த துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். உப்புத்தாள் போடுவதும் அதுவும் ஒன்றுதான். அவள் முதலில் தண்ணீரை மட்டும் மேலிருந்து கீழே ஓடவிடுவாள். மண் தானாக இறங்கின பிறகுதான் கை வைப்பாள். இரண்டு வாளி வைப்பாள். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். தேய்க்கிற பஞ்சுக் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே ஷாம்பு வாளியில் முக்குவாள். கூரை, பானெட், கதவு, கடைசியில் சக்கரம். சக்கரத்துக்குத் தனித்துணி. கீழே விழுந்த துணி அன்றைக்கு வண்டியைத் தொடாது. துடைப்பது எப்போதும் நேர்க்கோட்டில், முன்னிருந்து பின்னுக்கு, அழுத்தாமல். வெயிலுக்குப் பதிலாகச் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள்.

விழுந்த கோட்டை எடுக்கவும் கற்றுக்கொண்டாள். டவுனில் பெயிண்டிங் கடை வைத்திருந்த லாசர், ஓட்டை விழுந்த பழைய பானெட் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, “இதுல எதையாச்சும் நோண்டு, என் வண்டிகளை விட்டுரு” என்றார். பாலிஷ் மெஷினையும் கடை சும்மா இருக்கும் நேரத்தில் கொடுத்தார். பெயிண்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. கிளியர் கோட் என்பார்கள். ஒரு தலைமயிர் கனம்கூட இருக்காது. கோட்டை எடுப்பது என்றால் கோட்டின் ஆழத்துக்கு அந்தத் தோலையே சீவுவது. சீவியது சீவியதுதான், திரும்ப வளராது. அந்தப் பழைய பானெட்டில் வேண்டுமென்றே தோல் கிழியும்வரை மெஷினை ஓட்டி, எந்த இடத்தில் கிழிகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வண்டித்தோலில் அவள் காட்டிய கருமித்தனம் கொஞ்சநஞ்சமல்ல.

ஹரிஹரன் பெரிய கறுப்பு வண்டி ஒன்று வாங்கியபோது, விருந்தாளிகள் நடுவில் நின்று சொன்னார்: “இதுல இலக்கியா கை தவிர வேற கை படக்கூடாது.” கெஸ்ட் ஹவுசுக்குப் பின்னால் வண்டி கழுவ ஒரு ஷெட் போட்டார். சாவியை அவளிடம் கொடுத்தார். பாலிஷ் மெஷின் வாங்கிப் போடுகிறேன், ஷெட் முழுக்க உன் பொறுப்பு என்றார். லைன் வீட்டில் பிறந்த பெண்ணிடம் அதுவரை யாரும் ஒரு சாவியைக் கொடுத்ததில்லை. சுதாராணி அந்தச் சாவியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். “கனமா இருக்குது” என்று மட்டும் சொன்னாள்.

ஆயுத பூசை வந்தது. கறுப்பு வண்டியை அவள் கழுவி நிறுத்தினாள். ஹரிஹரன் குளித்துவிட்டு வந்து, கடையில் வாங்கிய விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் குழைத்து, பானெட்டில் மூன்று விரலால் அகலமாக மூன்று பட்டை இழுத்தார். நடுவில் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். அவளும் கும்பிட்டாள்.

மறுநாள் அவளுக்கு லீவு. கிளம்பும்போது முருகேசனிடம் சொன்னாள்.

“அண்ணா, விபூதி காஞ்சு கெடக்குதுங்க. கை வெச்சராதீங்க. அதுல கல்லுப்பொடி கலந்திருக்கும். நாளன்னிக்கு வந்து தண்ணி ஊத்தி எறக்கிக்கறனுங்க.”

“செரி செரி. சாமியவே தண்ணி ஊத்தி எறக்கறவ நீ. போ” என்றார் முருகேசன்.

அவள் லீவில் இருந்த அந்த நாள் காலையில் ஹரிஹரன் மகளுக்கு நிச்சயம் பேச சேலம் கிளம்பினார். வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்றார். முருகேசன் பாக்கெட்டில் இருந்த மஞ்சள் துணியை எடுத்துக் காய்ந்த விபூதியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். பனியில் ஒன்றும் தெரியவில்லை. சேலத்தில் சம்பந்தி வீட்டு வாசலில், பத்து மணி வெயிலில் தெரிந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா பானெட்டைப் பார்த்துவிட்டு, “செகண்ட் ஹேண்டுங்களா?” என்று கேட்டாராம். கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஹரிஹரன் மலை ஏறி வருகிறவரைக்கும் அந்த ஒரு வார்த்தையையே மென்றுகொண்டு வந்தார்.

லீவு முடிந்து இலக்கியா வந்ததும், வேலைக்காரர்கள் எல்லோரையும் போர்ட்டிகோவில் வரிசையாக நிற்கவைத்தார். இலக்கியாவை மட்டும் முன்னால் வரச்சொல்லி, அவள் கையிலேயே டார்ச்சைக் கொடுத்தார்.

“அடி. நீயே அடிச்சுப் பாரு.”

அடித்தாள். மூன்று பட்டை இருந்த இடத்தில் மூன்று வலை.

“இது யாரு கை?”

முருகேசன் முந்திக்கொண்டார். “வண்டியத் தொடறது இலக்கியா மட்டுந்தானுங்க சார். நீங்க போட்ட ரூல்ஸ்தானுங்க.”

“என் கை இல்லீங்க சார்” என்றாள் இலக்கியா. “நான் நேரா தொடைப்பனுங்க. இது வட்டமா கெடக்குது. பட்டை போட்ட எடத்துல மட்டுந்தான் இருக்குது. காஞ்ச விபூதிய யாரோ தேச்சிருக்காங்க. நான் லீவுங்க.”

“லீவுக்குப் போறதுக்கு மின்னாடி நீதான தொடச்சுட்டுப் போன?” என்றார் முருகேசன். முகத்தில் ஓர் அசைவில்லை.

“ஏனுங்கண்ணா இப்புடிச் சொல்றீங்க? தொடாதீங்கன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானுங்க போனேன்.”

ஹரிஹரன் கையைக் காட்டினார். இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

“அப்ப விபூதி கீறுச்சுங்கற.”

“காஞ்ச விபூதிங்க சார்.”

“நான் போட்டது. சாமிக்குப் போட்டது. அது என் வண்டியக் கீறுச்சு.” அவர் வரிசையைப் பார்த்தார். “கேட்டுக்கோங்க. தொடைக்கறவ கை சுத்தமாம், சாமி விபூதிதான் அழுக்காம்.”

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் தரையைப் பார்த்தார்கள். இரண்டே நாள் அவகாசம், கோடு போகவேண்டும், இல்லாவிட்டால் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வாங்கித்தருவதாகச் சொன்ன மெஷின் இன்னும் வந்திருக்கவில்லை. லாசரிடம் இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் காலையில் முருகேசன் ஷெட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். “எண்ணெப் பாலிஷ் ஒண்ணு அப்பி வுடு. கோடு நெரம்பி மறைஞ்சுக்கும். எதுக்கு இந்தப் பாடு?”

“ரெண்டு தடவ கழுவுனா எண்ணெ போயிருமுங்க. கோடு திரும்ப வந்துரும்.”

“அதுக்குள்ள அவரு மறந்துருவாரு.”

“நான் மறக்கமாட்டனுங்க.”

முருகேசன் போய்விட்டார். அவர் மேல் அவளுக்கு இருந்த கோபம் அந்த இரண்டு நாளும் கைக்கு இறங்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். கோபத்தோடு மெஷின் பிடிக்கிறவர்கள்தான் பெயிண்டைத் தீய்த்துவிடுவார்கள். முதலில் ஒரு சாண் இடத்தில் மட்டும் மெல்லிய பாலிஷ் போட்டுப் பார்த்தாள். பாதிதான் போயிற்று. அப்புறம்தான் காம்பவுண்ட் என்கிற, கொஞ்சம் காட்டமான பசை. ஓரங்களிலும் மடிப்பிலும் தோல் இன்னும் மெலிசு என்பதால் டேப் ஒட்டினாள். லாசரின் மெஷின் ஒரே சுழற்சியாகச் சுற்றுகிற வகை. பழைய கோட்டை எடுத்துவிட்டுத் தன் சுழியைப் போட்டுவிடும். அதை எடுக்க, மெஷினில் மாட்டிய பஞ்சை மாற்றி, வேகத்தைக் குறைத்து, இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து டார்ச் அடித்தாள். நடுப்பட்டை இருந்த இடத்தில் கோடு ஆழம். மூன்று முறை சீவவேண்டியிருந்தது. நான்காவது முறை சீவினால் தோல் தாங்காது என்று அவள் கைக்குத் தெரிந்தது. மூன்றாவதோடு கோடும் போயிற்று.

இரண்டு நாளும் அவளுக்குச் சாப்பாடு வரவில்லை. ரூம் வேலை செய்தால்தான் சமையல்கட்டில் சாப்பாடு, ஷெட் வேலைக்குக் கிடையாது என்று முருகேசன் சொல்லிவைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மலையில் அடர்ந்த பனி. ஹரிஹரன் சேலம் போகிற வழியில் அடிவாரத்து வெயிலில் பார்க்கிறேன் என்றார். அவளையும் வரச்சொன்னார். அவள் வண்டியின் பின்கதவு அருகே போய் நின்றாள். கை வைக்கவில்லை, நின்றாள்.

“சீட்டு வெள்ளத் துணி. நீ பஸ்ல வா” என்றார். முருகேசன் வண்டியை எடுத்தார்.

ஒரு வருசம் துடைத்த வண்டி அது. அதில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே இருபது வளைவும் இறங்கினாள். வளைவுகளில் கீழ் ரோட்டில் அந்தக் கறுப்புக் கூரை இரண்டு மூன்று முறை தெரிந்து மறைந்தது.

அடிவாரத்தில் பிள்ளையார் கோயில் பக்கம் டீக்கடை. வண்டி அங்கே நல்ல வெயிலில் நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் ஏற்கெனவே வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஹரிஹரன் குனிந்து, நிமிர்ந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி குனிந்து பார்த்தார். பானெட்டில் சூரியன் மட்டும் இருந்தது. அதைச் சுற்றி ஒன்றுமில்லை.

“ஷோரூம்ல இருந்து இப்பத்தான் எறக்குனாப்பல இருக்குதுங்க” என்றார் ஒரு டிரைவர்.

அந்தப் பாராட்டுதான் அவளைக் கெடுத்தது. கோடு அவள் கையால் விழுந்தது என்று எல்லோர் முன்னாலும் தான் சொன்னது தப்பாகிவிடுமோ என்ற நினைப்பு ஹரிஹரனுக்கு அப்போதுதான் வந்திருக்கவேண்டும். கோயிலுக்குள் போனார். தட்டிலிருந்து ஒரு கை நிறைய விபூதி அள்ளி, தண்ணீரில் குழைத்துக்கொண்டு வந்தார். பழைய இடத்திலேயே மூன்று பட்டை இழுத்தார். வெயிலில் சூடேறியிருந்த தகட்டில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

“முருகேசா, உன் துணியக் குடு.” மஞ்சள் துணி வந்தது. அதை இலக்கியாவிடம் நீட்டினார். “தொட. கோடு விழுந்துச்சுன்னா நீ சொன்னது நெசம். ஷெட்டு உனக்கு. இவன் இன்னிக்கே ஊட்டுக்குப் போவான். விழலீன்னா நீ சாமி மேலயும் பொய் சொன்ன, மேனேஜர் மேலயும் பொய் சொன்ன. சாவிய வெச்சுட்டு இப்புடியே போயிரு.”

முருகேசன் முகம் வெளிறிவிட்டது. அவருக்குத் தெரியும். அந்தத் துணியும் அந்த விபூதியும் என்ன செய்யும் என்பது அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நாலு சுற்று. எந்த டிரைவரும் தினமும் காலையில் செய்வதுதான். நாலு சுற்றுச் சுற்றினால் வலை விழும். ஷெட் அவளுடையது, அக்கா கையில் வைத்துப் பார்த்த சாவி அவளுடையது.

அவள் துணியைப் பட்டை மேல் கொண்டுபோனாள். பெயிண்டுக்கு ஒரு விரல் மேலே கை நின்றது. அதற்குக் கீழே இருந்த தோல் எவ்வளவு மெலிசு என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்னொரு வலை விழுந்தால் அதை எடுக்க அங்கே இடமில்லை.

“என்ன, பயமா?” என்றார் ஹரிஹரன்.

“ஒரு நிமிசமுங்க” என்றாள்.

டீக்கடை வாளியில் சொம்பு மிதந்துகொண்டிருந்தது. எடுத்து வந்து பானெட்டின் மேல்விளிம்பிலிருந்து ஊற்றினாள். விபூதி ஊறியது. இரண்டாவது சொம்பில் வெள்ளையாகக் கரைந்து முன்பக்கம் வழிந்தது. மூன்றாவது, நான்காவது. வழிகிற தண்ணீர் தெளிந்த பிறகு மஞ்சள் துணியை ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து தன் துண்டை எடுத்து நனைத்து விரித்துப் போட்டு, அழுத்தாமல் தன் பக்கம் இழுத்தாள். நேராக.

ஹரிஹரன் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு கோடு இல்ல” என்றார்.

“தண்ணி ஊத்துனா விழாதுங்க சார். காஞ்ச துணியில தேச்சாத்தான் விழும். அதத்தான் அன்னிக்கும் சொன்னேன்.”

“தொடன்னு நான் சொன்னேன். தொடச்ச. விழல. விபூதி கீறாதுன்னு உன் கையாலயே காட்டிட்ட.” அவர் டிரைவர்கள் பக்கம் திரும்பினார். “நாயமா இல்லையாப்பா?”

“நாயந்தானுங்க” என்றார் ஒருவர். டீ முடிந்துபோயிருந்தது.

“முருகேசா, சாவிய வாங்கிக்க.”

இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். முருகேசன் கையை நீட்டியபடியே நின்றார். “அந்தத் துண்டும் கெஸ்ட் ஹவுசுது.” அதையும் கொடுத்தாள். கை மாறும்போது துண்டு நழுவி மண்ணில் விழுந்தது. முருகேசன் எடுத்து ஒரு உதறு உதறினார். பானெட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றது. முதலாளி பார்க்கட்டும் என்று அதைத் துடைத்தார். சுற்றிச் சுற்றி, நன்றாக அழுத்தி, பத்துப் பன்னிரண்டு சுற்று.

“சார்” என்றாள் இலக்கியா.

ஹரிஹரன் உள்ளே ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். வண்டி திரும்பும்போது பானெட்டில் சூரியன் விழுந்தது. அதைச் சுற்றி வலை இருந்தது. பார்க்கிற இடத்தில் அவள் ஒருத்திதான் நின்றிருந்தாள்.

நாயம்தான் என்ற டிரைவர் பக்கத்தில் வந்து கிளாசை வைத்தார். “நாலு தேய் தேச்சிருந்தாப் பொழைச்சிருப்ப புள்ள. கிறுக்கி நீ.”

சாயங்காலம் வீட்டில் சுதாராணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தாள்.

“தேச்சிருக்கலாமல்ல கண்ணு.”

“தேச்சிருக்கலாங்க்கா.”

“ஏன் தேய்க்கல?”

“கை போகல” என்றாள் இலக்கியா. சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். தங்கச்சி இடத்தில் தான் இருந்திருந்தால் தேய்த்திருப்பாள் என்று சுதாராணிக்குத் தெரியும். ஊரில் எல்லோருமே தேய்த்திருப்பார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு எஸ்டேட்டில் காலை ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டருக்குப் போய் நின்றார்கள். களை வெட்ட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரைட்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பேர் கேட்டார். முன்னே என்ன வேலை பார்த்தாய் என்றும் கேட்டார்.

“ரூம் பெருக்குனேனுங்க” என்றாள் இலக்கியா.

ரைட்டர் அப்படியே எழுதிக்கொண்டு, களைக்கொத்து இருக்கும் இடத்தைப் பேனாவால் காட்டினார்.